ஜப்பான் பனியில ஓடுன பழைய லாரி, சேஸ் துரு எப்படி நிறுத்துறது?

பெகு லாரி

எல்லாருக்கும் வணக்கம். நான் பர்மால பெகுல இருக்கேன், போன மாசம்தான் ஜப்பான்ல ஓடி வந்த ஒரு பழைய இசுசு எல்ஃப் ரெண்டு டன் வண்டி வாங்குனேன், ரங்கூனுக்கு காய்கறி ஏத்திட்டுப் போக. போக வர நூறு மைல்தான், அதனால இஞ்சின பத்தி பெருசா கவலப்படல, அதுவும் நல்லாத்தான் இருக்கு. வாங்கும்போது கீழ படுத்து பாத்தேன், சேஸ், அதான் வண்டிய தாங்குற அடிச்சட்டம், முழுக்க கருப்பு பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, பரவால்லயே வெச்சிருந்தவன் நல்லா வெச்சிருக்கான்னு சந்தோஷமா காச எண்ணி கொடுத்துட்டு வந்துட்டேன்.

நேத்து பின்சக்கரம் பஞ்சர்னு கழட்டுனா, பட்டை ஸ்பிரிங் மாட்டுற ஹேங்கர் பக்கத்துல பெயிண்ட் பூரி மாதிரி உப்பிகிட்டு இருக்கு. சாவிய விட்டு லேசா நெம்புனேன், பெயிண்டோட சேந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஏடு அப்பளம் மாதிரி கழண்டு கைல வந்துருச்சு. அடில ஒரே பழுப்பு பொடி. ராத்திரி சரியா தூக்கம் வரல.

இப்ப கார்த்திகை, மழை விட்டு குளிர் ஆரம்பிச்சிருச்சு. இப்பவே ஏதாவது பண்ணணுமா இல்ல சித்திரைல வர்ற தண்ணி திருவிழா முடிஞ்சு மழைக்கு முன்னாடி பண்ணா போதுமா? இங்க ஒருத்தர் ரப்பர் கோட்டிங் அடிச்சிரு பத்து வருஷத்துக்கு திரும்பி பாக்க வேணாம்ங்கறாரு, எங்க மாமா பழைய இஞ்சின் ஆயில அடிச்சு விடு அது போதும்ங்கறாரு. யார் பேச்ச கேக்குறதுன்னு தெரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டல்லா பையன்

பீலிக்கான் கோயில்ல வண்டிக்கு பூஜை போட்டியா இல்லையா மொதல்ல அத சொல்லு 😄 சும்மா சொன்னேன் கோச்சிக்காத. எங்க அண்ணன் வண்டியும் இதே கதைதான், புது கருப்பு பெயிண்ட பாத்தா ஓடிரணும்னு இப்ப சொல்லுவாரு, வாங்குனதுக்கு அப்புறம்.

ஒர்க்‌ஷாப் அண்ணன், ரங்கூன்

தம்பி, ஒண்ணு கேக்குறேன். வண்டி கதவுலயோ பாடிலயோ ஜப்பான் கம்பெனி பேரு, போன் நம்பர் எதாவது எழுதி இருக்கா? நம்ம ஊர்ல பாதி லாரி அந்த எழுத்தோடதான ஓடுது, யாரும் அழிக்கிறதில்ல. அந்த நம்பர் எதுல ஆரம்பிக்குதுன்னு பாத்து சொல்லு. 03ன்னா டோக்கியோ, 06ன்னா ஒசாகா, பெருசா பயம் இல்ல. 01ல ஆரம்பிச்சா வடக்க, பனி கொட்டுற பக்கம். 011 சப்போரோ, 017 அவோமோரி, 018 அகிதா. 025 நீகாத்தா, அதுவும் பனி ஊருதான். வண்டி எந்த தண்ணில குளிச்சு வந்திருக்குன்னு அதுல தெரிஞ்சிரும்.

பெகு லாரி

அண்ணே கதவுல வெள்ளை பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கான். ஆனா நீங்க சொன்னதுக்கு அப்புறம் காலைல வெயில் சாய்வா விழும்போது பக்கவாட்டுல நின்னு பாத்தேன், பழைய எழுத்து பெயிண்டுக்கு அடில மேடா தெரியுது. ஜப்பான் எழுத்து ஒண்ணும் புரியல, நம்பர் மட்டும் விரலால தடவி படிச்சேன். 011.

ஒர்க்‌ஷாப் அண்ணன், ரங்கூன்

அப்ப சரி. சப்போரோல இருந்து வந்த மாப்பிள்ளை. உக்காந்து விவரமா எழுதுறேன், சாயங்காலம் வரைக்கும் பொறு. அதுக்குள்ள யார் பேச்சையும் கேட்டு எதையும் மேல அடிச்சிறாத.

வடக்குல இருக்கேன்

நான் தட்டோன் பொண்ணு, மூணு வருஷமா வேலைக்காக சப்போரோலதான் இருக்கேன், அதான் பேர பாத்ததும் எழுதலாம்னு வந்தேன். லாரி பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா ரோடு பத்தி தெரியும். இங்க ஒரு குளிர்காலத்துக்கு மொத்தமா கணக்கு பாத்தா 5 மீட்டர் கிட்ட பனி விழும். முன்னாடி எல்லாரும் ஆணி வெச்ச டயர் போட்டுத்தான் ஓட்டுவாங்களாம், அது ரோட்ட அரைச்சு ஊர் பூரா ஒரே தூசி, அதனால 1990ல சட்டம் போட்டு அத நிறுத்துனாங்க. ஆணி போனதும் ரோடு கண்ணாடி மாதிரி வழுக்க ஆரம்பிச்சிருச்சு, அதுக்குத்தான் மருந்து தெளிக்கிறது அதிகமாச்சு. மருந்துன்னா வேற ஒண்ணும் இல்ல, உப்பு, கூட கால்சியம் குளோரைடு. பனி உருகி அந்த உப்புத்தண்ணி சேறு மாதிரி ரோட்ல நிக்கும், அதுலதான் எல்லா வண்டியும் சளக் சளக்னு போகும். என் கருப்பு பூட்ஸ்ல உப்பு காஞ்சு வெள்ளை கோடு போட்டிருக்கும், வாரா வாரம் தொடைக்கணும். பூட்ஸுக்கே இந்த கதின்னா வண்டிக்கு அடில யோசிச்சு பாருங்க. இங்க உள்ளவங்க பெட்ரோல் பங்க்ல காச கொடுத்து அடிப்பக்கத்த தனியா கழுவிக்குவாங்க, ஆனா ஓடுற வரைக்கும் ஓடட்டும்னு விடுற கம்பெனி லாரி எத்தன கழுவுவான்னு நான் சொல்ல மாட்டேன் 🙂

ஒர்க்‌ஷாப் அண்ணன், ரங்கூன்

அந்த தங்கச்சி சொன்னதுலதான் எல்லாமே இருக்கு. இப்ப எழுதுறேன் தம்பி, நீளமா இருக்கும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்க, உன் சேஸ்ல இருக்குற பிரச்சனை துரு இல்ல, உப்பு. துரு அதோட விளைவு. சமையல் உப்பு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுனா தானா தண்ணி விட ஆரம்பிச்சிரும், மழக்காலத்துல அடுப்படி உப்பு ஜாடி கசியுதுல்ல அதேதான். கால்சியம் குளோரைடு அதுக்கும் மேல, 30 சதவீதம் இருந்தாலே காத்துல இருந்து தண்ணிய இழுத்துக்கும். ஆனி ஆடில நம்ம ஊரு காத்து எப்படி இருக்கும்னு உனக்கு தெரியும். அதனால அந்த சப்போரோ உப்பு உன் சேஸ் மடிப்புக்குள்ள இருக்குற வரைக்கும் இரும்பு காயவே காயாது, வண்டி ஷெட்ல நின்னாலும் உள்ள நனைஞ்சுகிட்டேதான் இருக்கும். அதுக்கு மேல கருப்பு பெயிண்ட் அடிச்சவன் புண்ணுக்கு மேல பிளாஸ்திரி ஒட்டி வித்திருக்கான்.

அதனால கேட்டியே எப்ப பண்றதுன்னு, இப்பவே பண்ணு. கார்த்திகைல இருந்து மாசி வரைக்கும்தான் நமக்கு காஞ்ச காலம். சித்திரைல வெயில் இருக்கும்தான், ஆனா அதுக்குள்ள நீ வேல முடிக்காம இழுத்தா மொத மழை வந்துரும்.

கழுவுறதுலதான் பாதி வேல. மேலாப்ல ஹோஸ் புடிக்கிறது கழுவுறது இல்ல. ஸ்டெப்னி டயர இறக்கு, மண்கவசத்த கழட்டு. உன் வண்டி சேஸ் படுக்க வெச்ச ப மாதிரி இருக்கும், அந்த ப வோட உள்பக்கம், டீசல் டேங்குக்கு பின்னாடி மறையுற இடம், குறுக்கு சட்டம் வந்து சேருற மூலை, பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல மரக்கட்டை இருக்குல்ல அதோட ஓரம், இங்கெல்லாம்தான் உப்பு குடியிருக்கும். பிரஷர் பம்ப் வெச்சு நல்ல தண்ணில அடி, கிணத்து தண்ணி உப்பு கரிச்சா அது வேணாம். சேஸ்ல இருக்குற ஓட்ட ஒவ்வொண்ணுக்குள்ளயும் குழாய விடு. ஒரு நாள் அடிச்சு காய விட்டு மறுநாள் மறுபடி அடி, மூணாவது நாளும் அடி. தண்ணி வடியுற ஓட்டைல சேறு அடைச்சிருந்தா கம்பி விட்டு குத்தி எடு.

அப்புறம் சுத்தியல். ஒரு சின்ன சுத்தியல எடுத்துட்டு முன்ன இருந்து பின்ன வரைக்கும் ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிகிட்டே போ. நல்ல இரும்பு கோயில் மணி மாதிரி இல்லைன்னாலும் டங்குன்னு பேசும். பொத்துன்னு சத்தம் வந்தா அங்க நிறுத்து, ஸ்க்ரூ டிரைவர வெச்சு அமுக்கு. உள்ள போனா பெயிண்ட் வேல இல்ல தம்பி, அது வேற வேல. முக்கியமா ரெண்டு தகடு ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு ரிவெட் அடிச்ச இடத்த பாரு, துரு இரும்ப விட பல மடங்கு இடம் எடுத்துக்கும், நடுவுல வளந்து ரெண்டு தகடையும் பிரிச்சு விட்டிருக்கும். நீ சொன்ன ஹேங்கர் எனக்கு அப்படித்தான் தோணுது. பிரேக் பைப்பும் பாரு, அதுவும் இரும்புதான், கிளிப்புக்கு அடிலதான் மொதல்ல அரிக்கும். சேஸ் உடையறதுக்கு முன்னாடி உன்ன கவுக்கப் போறது அதுதான்.

அடில படுக்கும்போது ஜாக்கிய நம்பாத, கட்டை வை. கண்ணுக்கு கண்ணாடி போடு. என் கண்ணுல ஒரு துரு தூள் போய் டாக்டர் ஊசி முனையால எடுத்தாரு, அத நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

உதிருறது எல்லாத்தையும் சுரண்டிட்டு வயர் பிரஷ் போட்ட பிறகு, ஒட்டிகிட்டு இருக்குற துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் அடி. பெரிய மந்திரம் இல்ல, பாதி கன்வெர்ட்டர்ல டேனிக் ஆசிட்தான், கடுக்காய் தண்ணில இரும்பு பட்டா கருப்பாகுமே அதே சங்கதி. துரு கருப்பா மாறி கெட்டியாகும். அது உப்பு இருக்குற துரு மேல நிக்காது, அதுக்குத்தான் மூணு நாள் கழுவ சொன்னேன். காஞ்சதும் எபாக்சி பிரைமர், மேல பெயிண்ட். ஜிங்க் பிரைமர் நல்ல சாமான்தான், ஆனா அது பச்சை இரும்பு மேல நேரா பட்டாத்தான் வேல செய்யும், துருவுக்கு மேலயோ கன்வெர்ட்டருக்கு மேலயோ அடிச்சா காசுக்கு கேடு. ப வோட உள்பக்கத்துக்கும் மடிப்புக்கும் பெயிண்ட் போய் சேராது, அங்க மெழுகு இல்லன்னா லானோலின் (ஆட்டு ரோமத்துல இருந்து எடுக்குற கொழுப்பு) மாதிரி ஊர்ந்து போற சரக்கு அடிக்கணும். வருஷா வருஷம் ஐப்பசி முடிஞ்சதும் மறுபடி.

ரப்பர் கோட்டிங் புது வண்டிக்கு. துரு உள்ள இருக்கும்போது அடிச்சா ஓரத்துல ஒரு கீறல் வழியா தண்ணி உள்ள போய் வெளிய வராது, நீயும் வெளிய இருந்து பாத்து ஆகா நல்லா இருக்குன்னு நினைச்சிகிட்டே இருப்ப.

மோல்மேன் மீன் வண்டி

அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு மட்டும் சேக்குறேன். நமக்கு சப்போரோ வேணாம், மீன் பெட்டி போதும். ஐஸ் உருகி மீன் தண்ணி, உப்பு தண்ணி எல்லாம் பலகை சந்து வழியா நேரா சேஸ் மேலதான் ஒழுகும், அதுவும் எங்க ஊர் மழைக்கு. நான் பலகைக்கு அடில தகரத்துல ஒரு வாய்க்கால் மாதிரி மடிச்சு வெச்சு ஒரு பைப்ப பின்சக்கரத்துக்கு பின்னாடி இறக்கிட்டேன், அதுக்கப்புறம் பாதி தொல்லை குறைஞ்சிருச்சு. நீங்களும் காய்கறி மேல தண்ணி தெளிச்சுகிட்டே தான போவீங்க, அது எங்க வடியுதுன்னு ஒரு தடவ குனிஞ்சு பாருங்க.

பெகு லாரி

அண்ணே இவ்வளவு எழுதுனதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. பழைய ஆயில் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லல, மாமா தினமும் கேக்குறாரு. எண்ணெய் கிணறு இருக்குற எனாஞ்சாங்ல இருந்து வர்ற கச்சா எண்ணெய் பூசுன வீட்டு மரம் அம்பது வருஷம் நிக்குதே, லாரிக்கு மட்டும் ஏன் ஆகாதுங்கறாரு.

ஒர்க்‌ஷாப் அண்ணன், ரங்கூன்

மாமா சொல்றதுல அர்த்தம் இல்லாம இல்ல. எண்ணெய் இருக்குற இடத்துல தண்ணி ஒட்டாது, எங்க அப்பா காலத்துல எல்லா லாரிக்கும் அதுதான் வைத்தியம். ஆனா வீட்டு மரத்து மேல யாரும் மணிக்கு நாப்பது மைல்ல தண்ணி பீச்சி அடிக்கிறதில்ல. பழைய ஆயில் மெலிசு, ரெண்டு மழைல போயிரும், போற வரைக்கும் தூசிய புடிச்சு அப்பிக்கும். இஞ்சின்ல எரிஞ்ச அமிலம் எல்லாம் அதுல கலந்துதான் வருது. புஷ் ரப்பர்ல பட்டா ஊறி உப்பிரும், பிரேக்ல பட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, தோலுக்கும் ஆகாது. மாமாவுக்கு மனசு நோகாம, புது கிரீஸ ஸ்பிரிங் ஷேக்கிளுக்கு அடிக்கிற வேலைய அவர்ட்ட கொடுத்துரு.

டல்லா பையன்

மாமாவ சமாளிக்கிறதுதான் இதுல பெரிய வேல போல.

பெகு லாரி

மூணு நாளா கழுவி காயப்போட்டேன். மொத நாள் தண்ணி டீ கலர்ல வந்துச்சு, மூணாவது நாள்தான் தெளிஞ்சுது. டீசல் டேங்க இறக்குனா அதுக்கு பின்னாடி சேஸ்ல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு, விரல்ல தொட்டு நாக்குல வெச்சு பாத்தேன் (தெரியும் தெரியும், திட்டாதீங்க), கரிக்குது.

சுத்தியல் தட்டுனேன். சேஸ் முக்கால்வாசி டங்குன்னுதான் பேசுது, நல்ல வேளை. வலது பக்க ஹேங்கர் மட்டும் பொத்து, ஸ்க்ரூ டிரைவர் அரை இஞ்ச் உள்ள போயிருச்சு. இங்க ஒருத்தர் மேலயே ஒரு தகட வெச்சு வெல்டிங் அடிச்சு தரேங்கறாரு, அடிக்கலாமா?

ஒர்க்‌ஷாப் அண்ணன், ரங்கூன்

வேணாம். ப வோட மேல் உதட்டுலயும் கீழ் உதட்டுலயும்தான் பாரம் எல்லாம் நிக்குது, அங்க வெல்டிங் சூடு பட்டாலோ ஓட்ட போட்டாலோ நாளைக்கு அந்த கோட்டுலயே விரிசல் விடும். ரிவெட்ட வெட்டி எடுத்து வேற ஹேங்கர் போட்டு, ஏற்கனவே நடு சுவர்ல இருக்குற ஓட்டைலயே ஹைடென்சில் போல்ட் (சாதா போல்ட்ட விட உறுதியானது) போட்டு முறுக்கணும். பழைய ஹேங்கர் கழண்டு வந்ததும் அடில இருக்குற சேஸ் தகடு எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாத்துட்டுத்தான் மத்தது. அது வரைக்கும் லோடு ஏத்தாத, காலியா ஓட்டிட்டு வா.

பெகு லாரி

சரிண்ணே. செவ்வாய்க்கிழமை காலைல கிளம்பி வரேன், மாமாவும் கூட வராராம், கிரீஸ் டப்பா இப்பவே வாங்கி வெச்சுட்டாரு.