இரண்டாம் மேல்முறையீடும் தள்ளுபடி: உச்ச நீதிமன்றம் செல்ல வழி உண்டா?

கிணற்றடி:
எங்கள் வயலுக்குச் செல்லும் எட்டடி வண்டிப்பாதை குறித்த வழக்கில், மாவட்ட முன்சீப் நீதிமன்றம் என் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பின் முதல் மேல்முறையீட்டில் சார்பு நீதிமன்றம் அதை ரத்து செய்து வழக்கையே தள்ளுபடி செய்தது. இரண்டாம் மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, முக்கியமான சட்டக் கேள்வி எதுவும் எழவில்லை என்று கூறி, அனுமதிக் கட்டத்திலேயே சென்ற மாதம் தள்ளிவிட்டார். பிராதில் (வழக்கு மனுவில்) காட்டிய மதிப்பு சில ஆயிரம் ரூபாய்தான். இத்தனை சிறிய வழக்கை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியுமா?

பழைய கட்டு:
முடியாது என்றே நினைக்கிறேன். வழக்கின் மதிப்பு 20,000 ரூபாயாவது இருக்க வேண்டும் என்று மூத்த குமாஸ்தா ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சிவில் பக்கம்:
அவர் சொன்னது ஒரு காலத்தில் சரி. அரசியலமைப்பின் 30-ஆவது திருத்தம் 1973-இல் நடைமுறைக்கு வந்தபோதே அந்த மதிப்பு வரம்பு நீங்கிவிட்டது. இப்போதுள்ள 133-ஆவது பிரிவின்படி, பொது முக்கியத்துவம் கொண்ட கணிசமான சட்டக் கேள்வி வழக்கில் அடங்கியிருக்கிறது என்றும், அதை உச்ச நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் சான்றளித்தால்தான் மேல்முறையீடு உண்டு. ஆனால் அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, தனி நீதிபதியின் தீர்ப்பிலிருந்து அவ்வழியில் செல்வதைத் தடுக்கிறது. எனவே உங்களுக்கு அந்தக் கதவு மூடியே இருக்கிறது. திறந்திருப்பது 136-ஆவது பிரிவின் கீழான சிறப்பு அனுமதி மனு மட்டுமே. அதற்கு மதிப்பு வரம்பும் இல்லை, தனி நீதிபதி என்ற தடையும் இல்லை. எனினும் அது உரிமை அன்று. அனுமதிப்பதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் விருப்புரிமை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதை எட்டடியா ஆறடியா, இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் அமர்த்தும் ஆணையரின் அறிக்கையை நம்பலாமா என்பன போன்ற கேள்விகளை அங்கே மறுபடி கிளறமாட்டார்கள். சாட்சியத்தை எடைபோடும் வேலை பொதுவாக முதல் மேல்முறையீட்டோடு முடிந்துவிடுகிறது.

கிணற்றடி:
1968-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் "மாமூல் வண்டிப்பாதை பாத்தியம் உள்பட" என்ற வரி, அதாவது வழக்கமான வண்டிப்பாதை உரிமையும் சேர்த்து என்ற வரி, இருக்கிறது. முன்சீப் அதை வைத்தே தீர்ப்பு எழுதினார். சார்பு நீதிமன்றத் தீர்ப்பில் அந்தப் பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

சிவில் பக்கம்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! உரிமையைத் தரும் பத்திரத்தைக் கவனிக்காமல் விட்டதும், அதற்குத் தவறாகப் பொருள் கொண்டதும் சட்டக் கேள்வியாக வாதிடத் தக்கவை. மனுவில் அந்த ஒரு வரியை முன்னிறுத்தச் சொல்லுங்கள்; பத்துக் காரணங்களை அடுக்கினால் இது அமுங்கிப்போகும்.

நகல் மனு:
கெடு, தீர்ப்பு நாளிலிருந்து 90 நாட்கள். சான்றிட்ட நகல் பெறச் செலவான நாட்கள் அதில் கழியும். ஆகவே நகலுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் நாளையே விண்ணப்பியுங்கள். கெடு கடந்தால் காலதாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவும், ஒவ்வொரு கட்டத் தாமதத்துக்கும் விளக்கமும் தேவைப்படும். உச்ச நீதிமன்றத்தில் பதிவுபெற்ற வழக்கறிஞர் வழியாகவே மனு தாக்கல் ஆக வேண்டும் என்பதால், உள்ளூர் வக்கீல் அங்கே ஒருவரை அமர்த்துவார்.

மனு தாக்கலானதாலேயே எதிர்த்தரப்பின் கை கட்டப்படாது. பாதையில் வேலி போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால், இப்போதுள்ள நிலையே நீடிக்கும்படி இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள்.