எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாமல் நின்றால்: எங்கள் வீட்டு அனுபவங்கள்

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டது என்றதும் "மோட்டார் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பதுதான் பெரும்பாலும் முதலில் காதில் விழும். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொன்னார்கள். வாங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல், ஆனால் இறக்கை அசையவில்லை. அந்த உறுமலைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. கரண்ட் மோட்டார் வரை வந்து உள்ளே இருக்கும் காயிலிலும் (கம்பிச் சுருள்) பாய்கிறது என்றால்தான் அந்தச் சத்தம் வரும்.

மெயினை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினேன். தடையில்லாமல் சுற்றியது. அப்படியானால் பேரிங்கில் குறையில்லை, மிச்சம் கண்டென்சர்தான். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் கரண்ட் மட்டும் இருந்தால் மோட்டாருக்குள் காந்தப்புலம் முன்னும் பின்னுமாகத் துடிக்குமே தவிர சுழலாது. இரண்டாவது காயிலுக்குப் போகும் கரண்ட்டை நேரத்தில் கொஞ்சம் முந்த வைத்துச் சுழற்சியைத் தொடங்கி வைப்பது கண்டென்சரின் வேலை. அது செத்துவிட்டால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். இப்படி நிற்கிற ஃபேனைக் குச்சியால் தள்ளிவிட்டால் தள்ளிய பக்கமே ஓடத் தொடங்கும், பின்பக்கமாகத் தள்ளினால் பின்பக்கமாகவே ஓடும். சில மெக்கானிக்குகள் அப்படித் தள்ளிப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வார்கள். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம், ஓடுகிற இறக்கைக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோகும் வேலை அது.

எங்களுடைய கண்டென்சரின் மேலேயே 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. மல்டிமீட்டரில் வைத்தபோது ஒன்றுக்கும் கீழே காட்டியது. அதே மைக்ரோஃபாரட் அளவில் புதிது போட்டதும் ஃபேன் உடனே ஓடியது. வோல்ட் அளவு எழுதியிருப்பதைவிடக் குறையக் கூடாது, கூட இருந்தால் பரவாயில்லை. மைக்ரோஃபாரட்டில் மட்டும் "பெரிசா போட்டா வேகமா ஓடும்" என்ற பேச்சை நம்பாதீர்கள், காயில் சூடாகும். கழற்றும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். மெயினை அணைத்த பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதன் இரண்டு ஒயர்களையும் ஒரு பழைய குண்டு பல்பின் வழியாகச் சேர்த்து இறக்கிவிட்டு அப்புறம் தொடுங்கள்.

*

முதலில் எழுதியவரே, உங்களுக்கு இறக்கை தடையில்லாமல் சுற்றியிருக்கிறது. எங்கள் வீட்டில் உறுமல் அதேபோல இருந்தது, ஆனால் கையால் சுற்றினால் அரைச் சுற்றோடு நின்றுவிடும். கண்டென்சர் மாற்றியும் பலனில்லை. பிரித்துப் பார்த்தால் தண்டு புஷ்ஷுக்குள் (தண்டைத் தாங்கும் வளையம்) போகிற இடத்தில் எண்ணெய்ப் புகை படிந்து, காய்ந்து, வார்னிஷ் பூசியதுபோல இறுகிக் கிடந்தது. அதைச் சுரண்டித் துடைத்து, தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டதும் தண்டு இளகியது. தயவுசெய்து சமையல் எண்ணெய் விடாதீர்கள். விட்டதும் நன்றாக ஓடும், நாளானால் அதுவே பிசினாகி முன்பைவிட மோசமாகப் பிடித்துக்கொள்ளும்.

இறக்கையைக் கழற்றும்போது நட் அசையவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள், சில ஃபேன்களில் மரை எதிர்ப்பக்கமாக இருக்கும். அலுமினிய வலையோ இறக்கையோ இருந்தால் சலவைச் சோடாவும் வேண்டாம், கறுத்துப்போகும். வெந்நீரும் பாத்திரம் கழுவுகிற திரவமும் போதும்.

*

எங்களுக்கு உறுமல்கூட இல்லை. சுவிட்சைப் போட்டால் நிசப்தம். டெஸ்டர் வைத்துப் பார்த்த பையன் "கரண்ட் வருது, மோட்டார்தான் அவுட்" என்றான். ஃபேனுக்குப் போகிற இரண்டு ஒயரிலும் டெஸ்டர் எரிந்தது. எனக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான். நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற ஒயர், சரியாக இருந்தால் அதில் எரியக் கூடாது. நியூட்ரல் வழியில் எங்கோ அறுந்திருக்கும்போது ஃபேஸ் காயிலின் வழியாக மறுமுனை வரை வந்து நிற்கும், டெஸ்டரும் இரண்டிலும் எரியும். இணைப்புப் பெட்டியைத் திறந்தால் முறுக்கிவிட்ட நியூட்ரல் ஒயர் கருகி விலகிக் கிடந்தது. மெயினை அணைத்துவிட்டு அதை வெட்டிப் புதிதாக இணைத்ததோடு சரி, மோட்டாரைத் தொடவே இல்லை. டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், இரண்டு ஒயருக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்து வோல்ட் பாருங்கள்.

*

சிம்னி வைத்திருப்பவர்களுக்காக என் அனுபவம். விளக்கு எரிகிறது, ஃபேன் மட்டும் ஓடவில்லை என்றால் பிளக்கையும் பிளக் பாயிண்டையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. எங்களுடையது நீண்ட சமையலுக்கு நடுவில் தானாக நின்றுவிடும், ஆறிய பிறகு தானாக ஓடும். சூடு ஏறினால் இணைப்பைத் துண்டித்து, ஆறினால் மறுபடி சேர்க்கிற பாதுகாப்பு அமைப்பு சில மோட்டார்களில் உண்டு. எங்களிடம் அதுதான் வேலை செய்துகொண்டிருந்தது. வலையும் உள்ளே இருக்கும் சுழலியும் பிசுக்கேறி மோட்டார் திணறியதுதான் மூலகாரணம். கழுவியதிலிருந்து நிற்கவில்லை.

*

சுவரில் ஃபேன் இருப்பவர்கள் வெளிப்பக்கமும் ஒருமுறை பாருங்கள். எங்கள் ஃபேனில் குருவி கூடு கட்டி, நார் இறக்கைக்குள் சுற்றியிருந்தது. குஞ்சுகள் இருந்ததால் சுவிட்சின்மேல் டேப் ஒட்டிவிட்டு, அவை பறந்து போகும்வரை ஜன்னலைத் திறந்து சமைத்தோம். அப்புறம் நாரை எடுத்துவிட்டு, வெளியே பெரிய கண் வலை ஒன்று அடித்தோம்.

*

முதலில் எழுதியவன்தான். உறுமுகிற ஃபேனை, கொஞ்ச நேரத்தில் தானாகக் கிளம்பும் என்று அப்படியே போட்டு வைக்கலாமா என்று தனியாகக் கேட்டிருந்தார்கள். வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள். சுற்றாமல் நிற்கிற மோட்டார் ஓடும்போதைவிட அதிகக் கரண்ட் இழுக்கும், குளிர வைக்கிற காற்றும் இருக்காது. பல மோட்டார்களில் காயிலோடு சேர்த்துக் கட்டிய சின்னதொரு வெப்ப ஃபியூஸ் இருக்கும். சூடு எல்லை மீறினால் அது ஒரே தடவைதான், போனால் போனதுதான். அதன்பிறகு உறுமலும் நின்றுவிடும். அதே வெப்ப அளவுள்ள ஃபியூஸ் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். அதை எடுத்துவிட்டு ஒயரை நேராகச் சேர்த்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கோடு அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மோட்டார் அது.