ஆச்சி பிறந்த வருஷம் எது? பதினாறுக்குள் நினைவு மலர் போட வேண்டும்

தோவாளைக்காரன்:
ஆச்சி இறந்து ஐந்து நாள் ஆகிறது. பதினாறு அடியந்திரத்துக்கு (பதினாறாம் நாள் சடங்கு) வருகிறவர்களுக்குக் கொடுக்க 16 பக்கத்தில் சின்ன மலர் ஒன்று போடுகிறோம். ஆதாரில் 01-01-1930. ஜாதக நோட்டில் ‘கொல்லம் 1103 சித்திரை 12’. மாமாக்களோ 99 வெள்ளத்தில் (கொல்லம் 1099ல் வந்த பெருவெள்ளம்) ஆச்சி கைக்குழந்தை, நூறு தாண்டியாச்சு என்கிறார்கள். எதைப் போடுவது? அள்ளிக் கொடுத்த கை என்று ஊரே சொல்கிறது, அதை இரங்கல் நோட்டீஸ் மாதிரி இல்லாமல் எப்படி எழுதுவது? கல்யாணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது, பெயர்க்கலாமா?

பழைய பிரமாணம்:
தம்பி, ஜாதகத்தையே நம்புங்கள். சான்று இல்லாமல் வருஷத்தை மட்டும் சொன்னவர்களுக்கு ஆதாரில் ஜனவரி 1 விழுவது வழக்கம்.

கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு, ஆவணி 1ல் பிறக்கும். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி வந்தபின் 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டுகிறவர்கள் ஐப்பசியில் பிறந்தவருக்கு ஒரு வயதைக் குறைத்துவிடுகிறார்கள். உங்களுக்குச் சித்திரை, ஆகவே 1103 + 825 = 1928. தேதி ஏப்ரல் 24ஐ ஒட்டி வரும், ஒரு நாள் முன்பின் ஆகலாம். நட்சத்திரத்தை 1928 பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாருங்கள். தமிழ் வருஷப் பெயரும் எழுதியிருக்கும். 1103 ஆவணி முதல் பங்குனி வரை பிரபவ, சித்திரை முதல் ஆடி வரை விபவ. விபவ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

99 வெள்ளம் 1099 ஆடியில், அதாவது 1924 ஜூலையில். அப்போது ஆச்சி பிறக்கவேயில்லை. மூத்த பிள்ளை யாருடைய கதையோ இவர் பேரில் ஏறியிருக்கும்.

வடசேரி வாசகி:
கொடையைப் பற்றி எழுத ‘கருணைக்கடல்’ எல்லாம் வேண்டாம். எந்த நாளில், என்ன, எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். ‘நல்லவங்களா?’ என்று கேட்டால் ‘ஆமா’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ‘அறுப்புக் களத்தில் கூலி போக யாருக்கு அளந்தாங்க? எத்தனை நாழி? பெரிய மரக்காலா, சின்னதா?’ என்று கேளுங்கள். சொன்ன அளவை அப்படியே போடுங்கள், கிலோவாக மாற்ற வேண்டாம். வயலையும் ‘மரக்கால் விதைப்பாடு’ (இத்தனை மரக்கால் விதை விதைக்கும் பரப்பு) என்றே விடுங்கள். காசு சக்கரக் (பழைய திருவிதாங்கூர் நாணயம்) கணக்கில் வந்தால் 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

வருஷம் சரியாக இருந்தால்தான் கொடையும் சரியான ஆளிடம் போய்ச் சேரும். 1942ல் பர்மா அரிசி நின்று, திருவிதாங்கூரே மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கை)த் தின்ற காலத்தில் ஆச்சிக்கு 14 வயது. ‘பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்’ என்று யாராவது சொன்னால் ஊற்றியது அவருடைய அம்மாவாகவோ மாமியாராகவோ இருக்கலாம். ஆச்சி கலயம் தூக்கியிருப்பார், அதையும் எழுதலாமே.

யார் கல்யாணத்துக்கு எத்தனை பவன் கொடுத்தார் என்று மட்டும் பெயர் போட்டு அச்சடிக்காதீர்கள். வாங்கிய வீட்டுப் பிள்ளைகளும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய பிரமாணம்:
வம்சவரிசை போடுவதாக இருந்தால் இன்னொன்று. நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடு என்றால், 1926ல் நாஞ்சில்நாடு வெள்ளாளர் சட்டம் வருவதற்கு முந்திய பிரமாணங்களில் (சொத்துப் பத்திரங்களில்) சொத்து மருமக்கள்வழியில் போயிருக்கும். அங்கே ‘மருமகன்’ என்றால் சகோதரி மகன். அதை மகளின் புருஷன் என்று படித்தால் ஒரு தலைமுறையே தப்பிப்போகும். ‘உகந்துடைமை’ என்று கண்டால் காரணவரின் (குடும்பத்தை நடத்திய மூத்த ஆணின்) மனைவி மக்களுக்குக் கொடுத்த பங்கு. பல பிரமாணம் மலையாளத்தில் இருக்கும், வாசிக்கத் தெரிந்த ஆளை இப்போதே பிடியுங்கள்.

அச்சுக்கூடம்:
படத்தைப் பெயர்க்கவே கூடாது. நம்மூர் ஈரத்தில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியில் பிடித்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். தண்ணீரோ சூடோ காட்டவும் வேண்டாம். மெலிசான ஸ்கேனரில் கண்ணாடியின் கனத்தால் படம் மங்கும். சட்டத்தை மட்டும் கழற்றி, இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக வெளிச்சம் விட்டு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்து எடுங்கள். எதிரொளி விழாது. 4×6 அங்குலத்தில் அச்சாக 1200×1800 புள்ளி வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும், 16 சரி. யுனிகோடில் தட்டியதை அச்சகத்தில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொ, கோ, ஸ்ரீ எல்லாம் உடையும். பெயர்களைத் தாளில் அச்செடுத்து, வீட்டில் மூத்தவர் ஒருவர் பேனாவால் திருத்திக் கையெழுத்துப் போட்டபின் ஓட்டச் சொல்லுங்கள். 12ஆம் நாளுக்குள் கொடுத்துவிட்டால் மடித்துப் பின் அடிக்க நேரம் இருக்கும்.

தோவாளைக்காரன்:
நோட்டை மறுபடி பார்த்தேன், ‘விபவ’ என்றே இருக்கிறது. 1928 போடுகிறோம். மாமாக்களிடம் சொல்வதுதான் பாக்கி.

வடசேரி வாசகி:
நோட்டையே படமெடுத்து இரண்டாம் பக்கத்தில் போட்டுவிடுங்கள். சண்டை மிச்சம்.