புல் பாரைக் கழற்றினால் ரேடியேட்டரைக் காப்பது எப்படி?

வணக்கம். ஊர் தாளவாடி, வண்டி 2021 மஹிந்திரா தார் ஜீப், இரண்டு ஏர்பேக். காட்டுப்பன்றிகளுக்கு அஞ்சிச் சென்ற ஆண்டு புல் பார், அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் குழாய்த் தடுப்பு, பொருத்தினேன். மூன்று வாரங்களுக்கு முன் ஆசனூர் அருகே, 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தபோது பன்றி ஒன்று மோதியது. ரேடியேட்டர் தப்பியது, ஆனால் பம்பர் நசுங்கித் தாங்க வேண்டிய அடி நேராக வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போனதில், போல்ட் இருந்த இடத்தில் விரல் நுழையும் அளவுக்குத் தகடு மடங்கியிருக்கிறது. ஏர்பேக் விரியவில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே புல் பாரைத் தடை செய்யச் சொன்னதை இப்போதுதான் அறிந்தேன். நடந்து செல்பவர் மீது இந்தக் குழாய் பட்டால் என்ன ஆகும் என்ற எண்ணமே தூங்கவிடவில்லை. எங்கள் தெரு முழுக்கப் பிள்ளைகள்.

பொருத்திய பட்டறையில் ஆபத்தில்லை என்கிறார்கள், சர்வீஸ் சென்டரில் கழற்றச் சொல்கிறார்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கு இருமுறை எழுதியும் பதிலில்லை.

கழற்றியவர்கள், ஏர்பேக் சென்சாருக்கு இடையூறில்லாமல் ரேடியேட்டரைக் காக்கப் பம்பருக்குப் பின்னால் எதைப் பொருத்தியிருக்கிறீர்கள்?