சூர்ப்பணகைக்கு எதுக்கு ரெண்டு பேரு?

காரைக்குடிச் சலங்கை:

1997ல எனக்குப் பதின்மூணு வயசு. கழனிவாசல் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவுலதான் எங்க நாட்டிய வகுப்பு. ஆத்தங்குடிக் கல் பாவின தரை. காலையில கால் வச்சா சில்லுன்னு இருக்கும். அரை மணி நேரம் அடவு போட்டதும் வியர்வையில வழுக்க ஆரம்பிச்சிடும். அதனால டீச்சர் ஒரு ஈரத்துணியைத் தூணோரம் போட்டு வைப்பாங்க. பாதத்தைத் துடைச்சுட்டு வந்து மறுபடி நிக்கணும்.

அந்த வருசம் கோயில் திருவிழாவுக்குப் பஞ்சவடிக் கதையை நாட்டிய நாடகமாப் போடறதா முடிவாச்சு. காலண்டர் தாளோட முதுகுல டீச்சர் பேரெல்லாம் எழுதி ஒட்டுனாங்க. வகுப்புலயே நான்தான் உசரம், நான்தான் கறுப்பு. சூர்ப்பணகைன்னு போட்டு என் பேர் இருந்துச்சு. அழுகை வரல, ஏன்னா எனக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. "பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவம் அனுங்க"ன்னு கம்பன் அவளை அழகியா மாத்தி நடக்க விடுறாரே, அந்தப் பாட்டு. அதுக்குத் தனியா தாளச்சொல்லா ஜதியே வேண்டாம், பாட்டுச் சொல்லே ஜதி போடும்.

ஒத்திகையிலதான் விசயம் தெரிஞ்சுது. என் பேருக்குப் பக்கத்துலயே சின்ன எழுத்துல இன்னொரு பேரும் இருந்திருக்கு. அரக்கி நான். அழகியா வர்ற சூர்ப்பணகை வேற பொண்ணு. நல்ல செவப்பு, என் தோளுக்குத்தான் வருவா. "பஞ்சியொளிர்" அவளுக்கு. எனக்கு மறைஞ்சு நின்னு ராமனைப் பார்க்கறதும், கடைசியில மூக்கறுபட்டு அலறுறதும்.

திருவிழா அன்னைக்கு இலக்குவன் கத்தியை ஓங்குனதும் அவ திரைக்குப் பின்னால போனா. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நான் அலறியபடி வெளிய வந்தேன். முன்வரிசையில ஜமுக்காளத்துல உக்காந்திருந்த ஒரு ஆச்சி சத்தமாவே கேட்டாங்க: "ஏன்டி, மூக்கறுபட்டது அவளுக்கு, அழுவுறது இவளா?"

கொட்டகையே சிரிச்சுது. 1939லேருந்து கம்பன் விழா நடக்குற ஊரு இது. பாட்டு தெரிஞ்ச சனம், கதை தெரியாமக் கேக்கல. ரெண்டு பேரும் ஒருத்திதான்னு மேடையில தெரியல, அதான் கேட்டாங்க. இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல ஆயிருச்சு, அந்த ஆச்சி குரல் இன்னும் காதுல இருக்கு. இப்ப நானும் வகுப்பு எடுக்குறேன். பேர் எழுதற தாளும் பேனாவும் என் கையில. உங்களுக்கு யாரு, எதைப் பார்த்து வேடம் குடுத்தாங்க? சொல்லுங்களேன்.


பள்ளத்தூர்ப் பொன்மான்:

நான் மூணு வருசம் பொன்மான். நல்லாக் குதிப்பேன்னு குடுத்தாங்கன்னு நம்பிக்கிட்டிருந்தேன். நாலாவது வருசம் குதிச்சப்ப முதுகுத் தையல் டர்ருன்னு விட்டுப்போச்சு. தையல்காரர் அதே புள்ளித்துணி இப்ப வர்றதில்லைன்னுட்டார். மான் வேசம் என் தங்கச்சிக்குப் போச்சு. ஆக, வேசத்துக்கு ஏத்த ஆள் நான் இல்ல, சட்டைக்கு ஏத்த ஆள்.


ஆர்மோனியக்காரர் மகன், புதுவயல்:

அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிச்சவர். அங்க இந்தக் குழப்பமே கிடையாது. நாயகனா ராஜபார்ட், நாயகியா ஸ்திரீபார்ட், அப்புறம் பபூன், டான்ஸ், நாரதர்னு ஆளாளுக்குப் பார்ட் பிரிச்சாச்சு. வாழ்நாள் பூரா அதுதான். ஒருத்தர் மதுரையிலேருந்து வருவார், இன்னொருத்தர் புதுக்கோட்டையிலேருந்து வருவார். ஒத்திகைன்னு ஒண்ணும் கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேடையில பார்த்துக்கிட்டாங்கன்னா விடியுற வரைக்கும் வள்ளி திருமணம்.

எனக்குப் பன்னண்டு வயசு இருக்கும். சாக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அப்பாவோட போயிருந்தேன். அன்னைக்கு வள்ளியா வந்த அம்மாவுக்கு அம்பது வயசு இருக்கும், கனத்த உடம்பு. பரணுக்குன்னு போட்டிருந்த பெஞ்சியில ஏறவே ஒருத்தர் கை குடுக்க வேண்டியிருந்துச்சு. முன்னால இருந்த விடலைப் பசங்க சிரிச்சுட்டானுங்க. அந்தம்மா கண்டுக்கவே இல்ல. அப்பாவைத் திரும்பிப் பார்த்து விரலால லேசா மேல காட்டுனாங்க, கட்டை ஏத்துன்னு, அதாவது சுருதியைக் கூட்டுன்னு. அப்பா ஒரு கட்டை ஏத்தி வச்சார். "ஆலோலம்"னு கவண் சுத்திக்கிட்டு எடுத்தாங்க பாருங்க, பசங்க வாயை மூடிட்டானுங்க. நாரதரோட தர்க்கம் முடியும்போது மணி ரெண்டரை. ஒருத்தனும் எந்திரிக்கல. அதுக்குள்ள எனக்கு அந்தம்மா பதினாறு வயசாத் தெரிய ஆரம்பிச்சுட்டாங்க, பொய் சொல்லல.

சின்னப் பசங்களை வச்சே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி காலத்துல இதுவே வேற மாதிரி இருந்துச்சுன்னு எங்க ஐயா சொல்லுவாங்க. மகரக்கட்டு உடையுற வரைக்கும் பையனுக்கு ஸ்திரீபார்ட். குரல் உடைஞ்சா நேத்து வரைக்கும் சீதையா நின்னவன் இன்னைக்குச் சேவகன். திறமையைப் பார்த்தா எடுத்தாங்க? தொண்டையைப் பார்த்தாங்க. அதே தொண்டைக்காகத்தான் கே.பி.சுந்தராம்பாளை 1935ல சினிமாவுல நந்தனாராவே நடிக்க வச்சாங்க. பொம்பளைக்கு எதுக்கு நந்தனார்னு கேட்டவங்களும் போய்ப் பார்த்தாங்க.

ஒண்ணு விட்டுட்டேன். முருகன் வேடனா வர்றதும், கிழவனா வர்றதும் ஒரே ராஜபார்ட்டுதான். ஒரு வெள்ளைத் தாடி, ஒரு கம்பு. ஜனத்துக்கு ரெண்டும் ஒரே ஆளுன்னு தெரியும், வள்ளிக்குத்தான் தெரியாது. அதுலதானே நாடகமே இருக்கு. உங்க டீச்சர் ஒருநா எங்க பக்கம் வந்து பார்த்திருக்கலாம்.


கோட்டையூர் ஆச்சி, இப்ப சிங்கப்பூர்:

அப்பச்சி காலத்துலேருந்து எங்களுக்கு இங்கே கடை. பேத்தி ஏழு வயசுலேருந்து பாலே படிக்கிறா, கால் நுனியில நின்னு ஆடுற மேல்நாட்டு நடனம். கூட்டிக்கிட்டுப் போய்ப் போய் எனக்கே பாதி தெரிஞ்சுபோச்சு.

டிசம்பர் வந்தா 'நட்கிராக்கர்'னு ஒரு பாலே போடுவாக. 1892ல ரஷ்யாவுல முதல்ல ஆடுனது, பிள்ளைகளுக்கு நிறைய வேசம் இருக்கு. நம்மூர்ல மாதிரி ஆடவிட்டுப் பார்த்து எடுப்பாகன்னு நினைச்சுப் போனேன். உள்ளே நுழையற இடத்துலயே செவுத்துல டேப் ஒட்டி வச்சிருந்தாக. பிள்ளையை அதுல சாய்ச்சு நிக்க வச்சு, ஸ்கேலைத் தலையில அமுக்கி, உசரத்தை எழுதிக்கிட்டாக. ஆட்டம் அப்புறந்தான். தச்ச உடுப்பு தயாராக் கெடக்கு, அதுக்குப் பிள்ளை தேடுறாக. பொன்மான் சொல்லுச்சே, அதே சங்கதிதான். என் பேத்திக்கு எலி. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்ல. "எலிக்கு வாலு இருக்குடி, மத்தவளுகளுக்கு இருக்கா?"ன்னு சொல்லித்தான் ரெண்டு பணியாரத்தை உள்ள தள்ளுனேன்.

பாலேக்காரக இதுக்கு ஒரு பேரே வச்சிருக்காக, ஆம்ப்ளுவான்னு. நீளக் கையும் உசரமுமா இருந்தா ராணி, தேவதை, சோகக்காரி. குட்டையா வெடுக்குனு இருந்தா துறுதுறுன்னு திரியுற சிரிப்புக்காரி. புதுவயல்காரவுக சொன்ன ராஜபார்ட், ஸ்திரீபார்ட்டு மாதிரிதான், என்ன, அங்கே உடம்பை அளந்து பிரிக்கிறாக.

ஆனா காரைக்குடிப் பொண்ணு கேட்டதுக்கும் அவுககிட்டயே பதில் இருக்கு. 'ஸ்வான் லேக்'னு ஒரு பாலேயில வெள்ளை அன்னம் ஒடெட், அவளை மாதிரியே வேசம் போட்டு வந்து ஏமாத்துற கறுப்புக்காரி ஒடில். 1895ல பீட்டர்ஸ்பர்க்குல மறுபடி போட்டப்ப லெக்னானிங்கிற இத்தாலிக்காரிதான் ரெண்டையும் ஆடுனது. ஒத்தைக்கால்ல முப்பத்திரண்டு தடவை சுத்துறாளே, அது ஒடில் ஆடுறப்பத்தான். இன்னைக்கும் ரெண்டும் ஒருத்திக்குத்தான் குடுக்குறாக. முதல்ல தண்ணி மாதிரி ஆடணும், அப்புறம் கத்தி மாதிரி. ரெண்டுல ஒண்ணு எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். வெளிய வந்ததும் சனம் பேசுறதே அதைத்தான்.


நட்டுவாங்கம், தேவகோட்டை:

எல்லாரும் அந்த டீச்சரைக் குத்தம் சொல்றீங்க. அந்தப் பக்கமும் கொஞ்சம் வாங்க.

கோயில் கொட்டகை மேடை இருபது அடிக்குப் பதினஞ்சு இருந்தாலே பெரிசு. பக்கத்துல ஒதுங்கி உடை மாத்த இடம் இருக்காது. பரதநாட்டிய உடையைக் கழட்டி, தலைச்சாமான், ராக்கொடி, ஜடையெல்லாம் எடுத்துட்டு வேற வேசத்துல வரணும்னா கை தேர்ந்தவங்களுக்கே பத்து நிமிசம் ஆகும். பதின்மூணு வயசுப் பிள்ளையை வச்சுக்கிட்டு அந்தப் பத்து நிமிசம் வயலின்காரர் என்னத்தை வாசிப்பார்? ரெண்டு ஆள் போடறது பல நேரம் கடிகாரத்தைப் பார்த்து எடுக்குற முடிவு.

உசரமும் சும்மா இல்ல. 'லா பயதேர்'னு ஒரு பாலே, 1877. நம்ம நாட்டுக் கோயில் நாட்டியக்காரிதான் நாயகி. அதுல நிழலுருவங்களா வெள்ளை உடுப்புல பொண்ணுங்க ஒருத்தி பின்னால ஒருத்தியா சரிவுல இறங்கி வருவாங்க, சில குழுவுல 24 பேர், சில குழுவுல 32. எல்லாரும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யணும். ஒரு தலை துருத்திக்கிட்டு நின்னாலும் கண்ணு அங்கேயே போயிடும். ஜோடி ஆட்டத்துல இன்னும் கஷ்டம். கால் நுனியில நின்னா பொண்ணு நாலஞ்சு அங்குலமாவது கூடுவா, பிடிக்கிறவன் அதுக்கும் மேல இருக்கணும்.

ஆள் பத்தலைன்னா வெளியிலிருந்து கூட்டிட்டு வர்றதும் உண்டு. 1936ல சென்னையில கலாக்ஷேத்ரா நாட்டியப் பள்ளியைத் தொடங்கின ருக்மிணி தேவி, ரஷ்ய பாலேக்காரி அன்னா பாவ்லோவாவைப் பார்த்து பாலே பழகினவங்க. 1944ல குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமா மேடையேத்துனாங்க. ராமாயணம் வரிசைன்னு வந்தப்ப, ஆண் வேசத்துக்குக் கதகளி படிச்ச உடம்பு வேணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கேரளத்து ஆசான்கள் வந்தாங்க. இதுதான் நான் ஒத்துக்குற பொருத்தம். வேசத்துக்கு என்ன பயிற்சி வேணுமோ அது இருக்கான்னு பார்க்கறது.

நிறத்துக்கு மட்டும் என்கிட்ட எந்தச் சமாதானமும் இல்ல. "மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ"ன்னு கம்பன் ராமனைப் பாடுறாரு. நாம என்ன செய்யறோம்? இருக்கறதுலயே செவத்த பிள்ளையைத் தேடிப் பிடிச்சு நீலச் சாயம் பூசுறோம். கறுத்த பிள்ளை பக்கத்துலயே அரக்கியா நிக்குது, சாயச் செலவு மிச்சம்னு. நானும் செஞ்சிருக்கேன். அமெரிக்காவுலயும் இதே கதைதான். மிஸ்டி கோப்லண்ட் அங்க 'அமெரிக்கன் பாலே தியேட்டர்'ங்கிற பெரிய குழுவோட முதல் கறுப்பின முதன்மை நடனக்காரி ஆனது 2015லதான். பதின்மூணு வயசுல ஆரம்பிச்சவங்க, உடம்பு பாலேக்கு ஆகாதுன்னு கேட்டுக் கேட்டு வந்தவங்க.


காரைக்குடிச் சலங்கை:

தேவகோட்டைக்காரர் சொன்னதைப் படிச்சதும் டீச்சர் மேல இருந்த கோபத்துல பாதி இறங்கிருச்சு. மீதி இருக்கட்டும், அது என் நிறத்துக்கான பாதி.

கோட்டையூர் ஆச்சி, உங்க கறுப்பு அன்னம் ராத்திரி பூராத் தூங்க விடல. வர்ற மாசம் என் பிள்ளைகளுக்கு அதே பஞ்சவடிதான் போடுறேன். இந்தத் தடவை சூர்ப்பணகை ஒருத்திதான். உடை மாத்தப் போறதில்ல. மேலாக்கை ரெண்டு பக்கத் துணியாத் தைக்கச் சொல்லிருக்கேன், ஒரு பக்கம் மாம்பழ மஞ்சள், மறு பக்கம் கறுப்பு. ஜடையை ஒத்த ஊசியில நிறுத்திருக்கோம், உருவினா மொத்தமும் அவுந்துடும். சனத்துக்கு எதுக்கவே நின்னு மாறுவா, அஞ்சு நொடி. புதுவயல்காரர் சொன்ன தாடியும் கம்பும் மாதிரித்தான். ஆடுற பொண்ணு குட்டை, கொஞ்சம் பூசின உடம்பு. முதல்ல உசரமா ஒருத்தியைத்தான் மனசுல வச்சிருந்தேன், என் பழைய கணக்கைத் தீர்க்கறதுக்கு. ஒத்திகையில அதே "பஞ்சியொளிர்" பாட்டுல "நஞ்சமென"ங்கிற இடத்துல உசரக்காரி கீழ பார்த்தா. இவ தலையைத் தூக்கி, சிரிச்சுக்கிட்டே நேரா என்னையப் பார்த்தா. எனக்கு முதுகு சில்லிட்டுப் போச்சு.

நேத்து அவ அம்மா வந்து முகப்புல நின்னுக்கிட்டு, "சீதை குடுத்திருக்கலாமே டீச்சர், போட்டோவுக்கு நல்லா இருக்கும்"னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உள்ளேருந்து பதில் வந்துச்சு: "அய்யே, சீதை உக்காந்தே இருக்கணும்மா!"

ஆர்மோனியக்காரர் மகனே, அன்னைக்கு ஒரு ஆள் குறையுது. கட்டை ஏத்தத் தெரிஞ்சவரா யாராச்சும் இருந்தா தகவல் குடுங்க.