மாறுவேடப் போட்டிக்குக் கர்ணன் கவசம்: வீட்டிலேயே செய்ய வழி உண்டா?

பாளையங்கோட்டை அம்மா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகன், பள்ளி மாறுவேடப் போட்டியில் கர்ணனாகத்தான் மேடையேறுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறான். 2013-இல் விஜய் தொலைக்காட்சியில் தமிழில் தொடங்கிய மகாபாரதத் தொடரை இப்போது கைப்பேசியில் பார்த்துவிட்டு, அதில் வரும் கர்ணனைப் போலப் பொற்கவசம் வேண்டும் என்கிறான். வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் பளபளப்புத் துணியில் சரிகை ஒட்டிய சட்டைகளாக இருக்கின்றனவே தவிர, கவசம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. எனக்கு ஓரளவு தைக்கத் தெரியும். தெர்மோகோலில் வெட்டித் தங்க நிற ஸ்பிரே அடித்தால் போதும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அது தாங்குமா? நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, பிள்ளைக்குப் பாரமில்லாத ஒரு கவசம் செய்ய வழி சொல்லுங்கள்.

தசரா செட்டுக்காரன்:

அக்கா, தெர்மோகோல் வேண்டாம். ஸ்பிரே பெயின்ட்டில் இருக்கும் கரைப்பான் பட்ட இடமெல்லாம் குழி குழியாக அரித்துவிடும். ரப்பர் பசையும் அப்படியே செய்யும். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு எங்கள் செட்டில் (தசராக் குழுவில்) வேடம் கட்டுகிறவர்களுக்குக் கிரீடமும் புஜகீர்த்தி என்னும் தோள் அணியும் செய்து கொடுக்கும் பழக்கத்தில் சொல்கிறேன், இ.வி.ஏ. ஃபோம்தான் இதற்கு ஏற்ற பொருள். குழந்தைகள் விளையாடத் தரையில் கோத்து விரிக்கிறார்களே, அந்தப் பாயே இ.வி.ஏ. ஃபோம்தான். மார்புக்கும் முதுகுக்கும் 10 மி.மீ. கனமுள்ளது போதும். மேலே ஒட்டும் பூவேலைக்கு, எழுதுபொருள் கடைகளில் தாள் அளவில் விற்கும் 2 மி.மீ. ஃபோம் ஷீட் சரியாக இருக்கும்.

அளவெடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். பழைய பனியன் ஒன்றை மகனுக்கு மாட்டி, அதன்மேல் மார்பும் தோளும் மூடும்படி மாஸ்கிங் டேப்பை ஒட்டி, கவசத்தின் விளிம்பு எங்கே வர வேண்டுமோ அங்கே பேனாவால் கோடு போட்டு, பக்கவாட்டில் வெட்டிக் கழற்றுங்கள். அதைத் தரையில் விரித்தால் சில இடங்களில் படியாமல் தூக்கிக்கொண்டு நிற்கும். அங்கே ஒரு வெட்டுக் கொடுத்தால் முக்கோணமாக விரியும். ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற கணக்குத்தான் இது என்பதால் உங்களுக்கு எளிதாகப் புரியும். அந்த முக்கோணத்தை ஃபோமில் வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு விளிம்புகளையும் சேர்த்து ஒட்டும்போது மார்பு வளைவு தானாக வந்துவிடும்.

ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். என்ற ரப்பர் பசையை வாங்குங்கள். இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு சேர்த்து அழுத்த வேண்டும். சேர்த்தபின் நகர்த்த முடியாது. நெடி கடுமையாக இருக்கும்; மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள், பிள்ளையை அருகில் விடாதீர்கள். வளைவு இன்னும் வேண்டுமென்றால், சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் காட்டி, மேற்பரப்பு இலேசாக மினுங்கத் தொடங்கியதும் ஒரு குடத்தின் மேல் கவிழ்த்து, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அடுப்புத் தீயில் காட்டவே கூடாது.

கிருஷ்ணாபுரம் பக்கத்து ஊர்க்காரர்:

செய்முறையைத் தம்பி நன்றாகச் சொல்லிவிட்டார். அதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் மகன் எந்தக் கர்ணன்? போட்டிகளில் பிறவிக் கவசத்தையும் அணிந்துகொண்டு, கையில் நாகாஸ்திரத்தையும் பிடித்து நிற்கும் கர்ணர்களைப் பார்த்திருக்கிறேன். போர் தொடங்குவதற்கு முன்பே, வனபருவத்திலேயே, பிராமண வடிவில் வந்த இந்திரனுக்குக் கவச குண்டலங்களை அறுத்துக் கொடுத்துவிட்டான். நாகாஸ்திரம் எய்தது பதினேழாம் நாள் போரில். கண்ணன் தேரை அழுத்தியதால் அது அர்ச்சுனனின் கிரீடத்தை மட்டும் தட்டிச் சென்றது. இரண்டையும் ஒரே மேடையில் காட்டினால், கதை தெரிந்த நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும்.

ஒரு மாலை திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோவிலுக்கு மகனை அழைத்துப் போங்கள். நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனும் அவனுக்கு இணையாக அர்ச்சுனனும் அங்கே தூண் சிற்பங்களாக நிற்கிறார்கள். தொலைக்காட்சியில் ஒரு நொடியில் மறைந்துபோகும் தோள்வளையும் அரைப்பட்டிகையும் அங்கே கல்லில் அசையாமல் நிற்கின்றன. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்து நோட்டில் வரைந்துகொள்ளலாம். கவசத்தைப் பொறுத்தவரை என் கருத்து இதுதான்: அது உடலோடு பிறந்தது, ஆகவே பக்கிள், பெல்ட் எதுவும் வெளியே தெரியக் கூடாது. கட்டும் இடங்களை அங்கவஸ்திரத்தால் மறைத்துவிடுங்கள்.

பாளையங்கோட்டை அம்மா:

அண்ணாச்சி, மிகவும் நன்றி. மகனிடம் கேட்டேன்; இந்திரனுக்குக் கொடுக்கும் காட்சியையே நடிப்பதாகச் சொல்லிவிட்டான். அப்படியானால் வசனத்தின் நடுவே கவசத்தை அவனே கழற்றி நீட்ட வேண்டும். அதற்கு எப்படி அமைப்பது? வியர்வையில் வண்ணம் உரிந்து உடம்பில் ஒட்டுமோ என்றும் பயமாக இருக்கிறது.

மேலப்பாளையம் தையல்:

வண்ணம் உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அடிப்பூச்சு இல்லாததுதான். ஃபோம் வண்ணத்தை உறிஞ்சும். வளையும்போது மேல்பூச்சு வெடிக்கும். சாதாரண வெள்ளை ஃபெவிகாலில் சிறிது தண்ணீர் கலந்து, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்தது என்று மூன்று நான்கு முறை பூசுங்கள். அதன்மேல் முழுவதும் கறுப்பு அக்ரிலிக் அடித்து, காய்ந்ததும் ஸ்பாஞ்சில் தங்க வண்ணத்தைத் தொட்டு, மேடான இடங்களில் மட்டும் ஒற்றி எடுங்கள். பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடுவதால், மேடை விளக்கில் வார்ப்பு வேலை போலத் தெரியும். முழுவதும் ஒரே தங்கமாக அடித்தால் பிளாஸ்டிக் போல இருக்கும். உட்புறத்தில் பருத்தித் துணி ஒட்டிவிட்டால் வியர்வை அதில் போய்விடும்.

கழற்றுவதற்கு, முன் துண்டையும் பின் துண்டையும் வலது தோளிலும் வலது பக்கவாட்டிலும் வெல்க்ரோவால் மட்டும் சேர்த்து, இடது பக்கம் முழுவதையும் துணிக் கீல் வைத்துத் தைத்துவிடுங்கள். இடது தோள் தைத்தே இருப்பதால் வலப்பக்கம் இழுத்ததும் புத்தகம் போலத் திறந்து, இடது கை வழியாக ஒரே துண்டாகக் கைக்கு வந்துவிடும். வெல்க்ரோ கிழிபடும் சத்தம் கேட்குமே என்று கவலைப்படாதீர்கள், அறுக்கும் காட்சிக்கு அந்தச் சத்தம் பொருத்தமாகவே அமையும். குண்டலத்தை ஃபோமில் வெட்டி, காது குத்தாதவர்கள் அணியும் கிளிப்பில் ஒட்டினால் அதையும் அவனே கழற்றிக் கொடுக்கலாம்.

போட்டியன்று கவசத்தை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலில் ரப்பர் பசை இளகி, ஒட்டிய பூவேலை நகர்ந்துவிடும்.