மகன் மோட்டார் சைக்கிள் பந்தயமே தொழில் என்கிறான்

செந்தூல் அம்மா: என் பையன் ஃபாரம் 3, பதினைந்து வயது. மலேசியாவின் செப்பாங் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதே பேச்சு. இதில் பிழைக்க முடியுமா?

அம்பாங்காரன்: முடியும் அக்கா, ஆனால் நெடும்பாதை. எங்கள் ஊர் ஹபிஸ் ஷாரின், கப் ப்ரி என்ற மலேசியச் சிறிய மோட்டார் சைக்கிள் பந்தயத் தொடரில் ஓடிப் பழகியவர். 2012-இல் செப்பாங்கில், கொட்டும் மழையில், உலகத் தொடரின் இரண்டாம் பிரிவான மோட்டோ2 பந்தயத்தில் நான்காவதாக வந்தார். அப்படிப்பட்டவருக்கே உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் இடம் 2018-இல்தான் கிடைத்தது, அதுவும் ஜெர்மன் வீரர் ஜோனஸ் ஃபோல்கர் விலகியதால். தென்கிழக்காசியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள் அவர்தான்! நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

கெப்போங் மெக்கானிக்: ஸ்பான்சர் வரும்வரை டயர், லெதர் உடை, விழுந்தால் உடையும் கிளட்ச் லீவர் எல்லாம் உங்கள் கைக்காசுதான். முதலில் ஃபாரம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வை எழுதட்டும். ரோட்டில் ரெம்பிட், அதாவது சட்டவிரோதத் தெருப் பந்தயம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

செந்தூல் அம்மா: சரி தம்பி. அப்புறம், கப் ப்ரி குழுக்களில் யாரிடம் பேசுவது?